மடற்குழுவை நடத்துபவருக்கு எப்படிப்பட்ட திரை வேண்டும்?

ஒரு மடற்குழுவுக்கு மெயில் அனுப்பியதும், "உங்கள் மடல் மட்டுறுத்துநரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது" என்று தானியங்கிப் பதில் வந்ததுண்டா? அந்தப் பதிலுக்கு அப்பால் ஒரு மனிதர் இருக்கிறார். பெரும்பாலும் சம்பளம் வாங்காமல் அந்த வேலையைச் செய்பவர். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி, தேங்கிக் கிடக்கும் மடல்களைப் பார்த்து, எதை விடுவது, எதைத் தள்ளுவது என்று முடிவெடுப்பவர். அவர் முன்னால் விரியும் நிர்வாகத் திரையை எப்படி வடிவமைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மெயில் அனுப்பத் தெரிந்தால் போதும்.

முதலில் அடிப்படை. மடற்குழு என்பது ஒரு மின்னஞ்சல் முகவரி. அதற்கு ஒருவர் எழுதினால், சர்வரில் ஓடும் மென்பொருள் அந்த மடலை வாங்கி, குழுவில் சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்பிவிடும். தனிச் செயலி எதையும் நிறுவ வேண்டியதில்லை, தொலைபேசி எண்ணை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, பழைய மடல்கள் காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் தேடக் கிடைக்கும். பைத்தான் நிரல்மொழியை வளர்ப்பவர்களும் டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்குபவர்களும் நெடுங்காலம் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மடற்குழுவும் பல ஆண்டுகள் ஐ.ஐ.டி. மெட்ராஸ் சர்வர் ஒன்றில், மெயில்மேன் என்ற கட்டற்ற மென்பொருளில் ஓடியது. இங்கே நான் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வதும் அதே மெயில்மேனைத்தான். பழைய வடிவம், புதிய வடிவம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிற மென்பொருள் அது.

ஒரு குழுவில் மூன்று வகை ஆட்கள் உண்டு. உறுப்பினர் மடல் எழுதுவார், படிப்பார். மட்டுறுத்துநர் சந்தேகத்துக்குரிய மடல்களைப் பார்த்து முடிவெடுப்பார். உரிமையாளர் குழுவின் விதிகளையே மாற்றக்கூடியவர். சிறிய குழுக்களில் பின்னிரண்டு பேரும் ஒரே ஆள்தான்.

கட்டளையிலிருந்து படிவத்துக்கு

1986இல் பாரிஸில் எரிக் தோமா எழுதிய லிஸ்ட்செர்வ், 1992இல் பிரென்ட் சாப்மன் எழுதிய மேஜர்டோமோ ஆகிய மடற்குழு மென்பொருள்கள் வந்த காலத்தில் நிர்வாகத் திரை என்று ஒன்று கிடையாது. எல்லாமே மெயிலில் நடந்தது. ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால், மேஜர்டோமோவின் முகவரிக்குக் கட்டளைச் சொல், கடவுச்சொல், குழுவின் பெயர், அந்த நபரின் முகவரி எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதி அனுப்ப வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் பிழைச் செய்தி திரும்பி வரும்.

1990களின் நடுவில் ஜான் வியேகா என்பவர் டேவ் மேத்யூஸ் பேண்ட் என்ற அமெரிக்க இசைக்குழுவின் ரசிகர்களுக்காக ஒரு மடற்குழு நடத்தினார். அதற்காக அவர் எழுதத் தொடங்கியதுதான் மெயில்மேன். பின்னர் பேரி வார்சா அதை முன்னின்று வளர்த்தார். குழுவைப் பிரவுசரிலேயே நடத்தலாம் என்பதுதான் அன்று மெயில்மேனின் பெரிய கவர்ச்சி. 2002 டிசம்பர் இறுதியில் வந்த 2.1 பதிப்பு உலகெங்கும் பல்கலைக்கழகங்களிலும் மென்பொருள் குழுக்களிலும் பரவியது.

அந்த 2.1 பதிப்பின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால், பொது அமைப்புகள், கடவுச்சொற்கள், மொழி, உறுப்பினர் மேலாண்மை, தனியுரிமை, திரும்பி வரும் மடல்கள், காப்பகம், தானியங்கிப் பதில் என்று ஒரு டஜனுக்கு மேல் பிரிவுகள் இருக்கும். ஒவ்வொரு பிரிவும் ஒரு நீண்ட படிவம். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், நிரலுக்குள் அந்த அமைப்புக்கு என்ன பெயரோ அதே பெயர், அடிக்கோடு போட்ட பல சொற்கள் ஒட்டிய வடிவில் அப்படியே அச்சாகியிருக்கும்.

மூலநிரலைப் பார்த்தால் ஏன் இப்படி என்பது விளங்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பைத்தான் கோப்பு. அதில் மாறியின் (ஓர் அமைப்பின் மதிப்பை நிரல் வைத்துக்கொள்ளும் இடம்) பெயர், அது ஆம்-இல்லை வகையா எண் வகையா, ஒரு வரி விளக்கம் என்று ஒரு பட்டியல். மென்பொருள் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக எடுத்துப் படிவமாக வரைந்துவிடும். எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதிய அமைப்பு ஒன்றைச் சேர்த்தால் அதற்கான படிவமும் தானாகவே வந்துவிடும் என்பது அன்றைக்கு நல்ல பொறியியல். ஆனால் அதன் விளைவு, மென்பொருளின் உள்ளமைப்பே அதன் முகமாகிவிட்டது. நிர்வாகி ஒரு கேள்வியோடு வருகிறார். பக்கமோ மாறிகளின் பட்டியலை நீட்டுகிறது. இடைவெளியை நிரப்பும் வேலை அவர் தலையில்.

புதிய நிர்வாகத் திரையை வரையும்போது மனத்தில் வைக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன். மென்பொருளில் என்னென்ன அமைப்புகள் இருக்கின்றன என்று தொடங்காமல், இந்த மனிதர் எந்தக் கேள்வியோடு உள்ளே வருகிறார் என்று தொடங்குவது.

பின்கட்டும் கவுண்டரும்

2015 ஏப்ரலில் மெயில்மேன் 3.0 வந்தபோது ஒரு பெரிய மாற்றம் நடந்தது. தபால் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பின்கட்டில் தபால்களைப் பிரிக்கிறார்கள், முத்திரை குத்துகிறார்கள், மூட்டை கட்டுகிறார்கள். முன்னால் கவுண்டரில் மக்களோடு பேசுகிறார்கள். பழைய மெயில்மேனில் இரண்டும் ஒரே அறை. மூன்றாம் பதிப்பில் நடுவே சுவர் எழுப்பி ஒரு ஜன்னல் வைத்தார்கள். மடல்களை வாங்கி அனுப்புவது கோர் என்ற பகுதி. நிர்வாகத் திரை போஸ்டோரியஸ் என்ற தனி மென்பொருள். காப்பகத்துக்கு ஹைப்பர்கிட்டி. பின்னவை இரண்டும் வலைத்தளங்கள் கட்ட உதவும் ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதப்பட்டவை. அந்த ஜன்னலுக்குப் பெயர் ரெஸ்ட் ஏ.பி.ஐ. "இந்தக் குழுவில் தேங்கியிருக்கும் மடல்களைக் கொடு", "இந்த மடலை விடு" என்று போஸ்டோரியஸ் கேட்கும். கோர் பதில் சொல்லும். இயல்பான அமைப்பில் இந்த ஜன்னல் 8001ஆம் போர்ட்டில் (கணினிக்குள் தகவல் நுழையும் எண்ணிட்ட வாசல்), அதே கணினிக்குள் மட்டும் திறந்திருக்கும். வெளியாட்கள் நேரடியாகத் தட்ட முடியாது.

வடிவமைப்பாளருக்கு இதில் என்ன லாபம்? மடல் அனுப்பும் இயந்திரத்தைத் தொடாமலே திரையை மாற்றலாம். போஸ்டோரியஸ் பிடிக்கவில்லையா, அதே ஜன்னலில் பேசும் வேறொரு திரையை நீங்களே எழுதலாம். கைப்பேசிக்கென்று தேங்கிய மடல்களை மட்டும் காட்டும் ஒரு குட்டிப் பக்கம் போதுமென்றால், அதை மட்டும் செய்யலாம்.

தேங்கிய மடல்கள்

நிர்வாகியின் பெரும்பகுதி நேரம் போவது இங்கேதான். ஆகவே நானும் இங்கே கொஞ்சம் தங்குகிறேன்.

ஒரு மடல் ஏன் தேங்குகிறது? எழுதியவர் உறுப்பினராக இல்லாமல் இருக்கலாம். மடல் அளவில் பெரியதாக இருக்கலாம், மெயில்மேன் 2.1இல் இயல்பான வரம்பு 40 கிலோபைட். பெறுநர் பட்டியலில் நிறைய முகவரிகள் இருக்கலாம். அங்கே இயல்பான வரம்பு 10. புதிய உறுப்பினரின் முதல் மடலாக இருக்கலாம். ஒவ்வொரு காரணத்துக்கும் தேவையான முடிவு வேறு. உறுப்பினர் அல்லாதவரின் மடல் என்றால் ஸ்பேம் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். அளவு தாண்டியது என்றால் எழுதியவர் பெரும்பாலும் நல்லவர்தான், இணைப்புதான் பெரிது. ஆகவே மடலின் தலைப்புக்கு அடுத்தபடியாகக் கண்ணில் பட வேண்டியது காரணம். அதற்காக இன்னொரு முறை சொடுக்க வைக்கக் கூடாது.

பழைய பக்கத்தில் ஒவ்வொரு மடலுக்கும் நான்கு வட்டப் பொத்தான்கள்: ஒத்திவை, ஏற்றுக்கொள், நிராகரி, கைவிடு. ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடைசியில் எல்லாத் தரவையும் சமர்ப்பிக்கும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கணினியில் இது சமாளிக்கக்கூடியதே. கைப்பேசியில் அந்த வட்டங்கள் மிளகு அளவுக்குச் சுருங்கிவிடும்.

நான் சில ஆண்டுகள் ஒரு குழுவுக்கு மட்டுறுத்துநராக இருந்தேன். ஒருநாள் இரவு, அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் தேவை என்று ஓர் உறுப்பினர் எழுதிய மடல், மருத்துவமனைச் சீட்டை ஸ்கேன் செய்து இணைத்ததால் அளவு தாண்டித் தேங்கிவிட்டது. அறிவிப்பு எனக்கு வந்தது. பேருந்தில் இருந்தேன். கைப்பேசியில் பக்கத்தைப் பெரிதாக்கி, வட்டத்தைத் தொட்டு, கீழே போவதற்குள் பக்கம் நகர்ந்து தேர்வு ஒத்திவைப்பிலேயே நின்றுவிட்டது. அனுப்பிவிட்டதாக நினைத்தேன். மறுநாள் மதியம்தான் மடல் குழுவுக்குப் போயிருக்கவில்லை என்று தெரிந்தது. இரத்தம் வேறு வழியில் கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்த மதியத்தை நான் மறக்கவில்லை. ஒரு மடலுக்கு ஒரு செயல், செயல் முடிந்ததும் "விடப்பட்டது, 212 பேருக்குப் போகிறது" என்று கண்ணுக்குத் தெரியும் பதில். இந்த இரண்டும் இருந்திருந்தால் போதும்.

நிராகரிப்பதற்கும் கைவிடுவதற்கும் என்ன வேறுபாடு என்று புதிய மட்டுறுத்துநர்கள் எல்லோருமே கேட்பார்கள். நிராகரித்தால் எழுதியவருக்குக் காரணத்தோடு ஒரு மடல் போகும். கைவிட்டால் எதுவும் போகாது, மடல் அழிந்துவிடும். உறுப்பினர் தவறுதலாக அனுப்பியதை நிராகரிக்கலாம். ஸ்பேமை ஒருபோதும் நிராகரிக்கக் கூடாது, ஏனெனில் அதில் இருக்கும் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. உங்கள் நிராகரிப்பு மடல், இதில் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் பெட்டியில் போய் விழும். நிறைய விழுந்தால் உங்கள் சர்வருக்கே ஸ்பேம் அனுப்புபவர் என்ற கெட்ட பெயர் வரும். இவ்வளவு விளைவு இருக்கும் இரண்டு செயல்களுக்கு இவ்வளவு நெருக்கமான பெயர்களா? பொத்தானிலேயே "காரணம் சொல்லித் திருப்பி அனுப்பு", "அறிவிக்காமல் அழி" என்று எழுதிவிட்டால் விளக்கப் பக்கமே தேவைப்படாது.

ஒரே ஆளிடமிருந்து மீண்டும் மீண்டும் மடல் தேங்குமானால், மட்டுறுத்துநர் மனத்தில் எழும் அடுத்த ஆசை "இவருடையதை இனி நேரடியாக விட்டுவிடலாமே" என்பது. அது உறுப்பினர் பக்கத்தில் எங்கோ இருக்கும் ஓர் அமைப்பு. அதைத் தேங்கிய மடலின் பக்கத்திலேயே ஒரு தேர்வாக வைத்தால், நாளைய வேலையும் இன்றே குறைந்துவிடும்.

இன்னொன்று. பழைய மெயில்மேனில் எனக்குப் பிடித்த ஒரு வசதி உண்டு. தேங்கிய மடல் பற்றி வரும் அறிவிப்புக்குத் தலைப்பை மாற்றாமல் பதில் அனுப்பினாலே அந்த மடல் அழிக்கப்படும். ஒப்புதல் வரியில் கடவுச்சொல்லை எழுதிப் பதில் அனுப்பினால் மடல் குழுவுக்குப் போய்விடும். கடவுச்சொல்லை மெயிலில் எழுதுவது பாதுகாப்பு இல்லைதான். ஆனாலும் நிர்வாகியின் இடைமுகம் பிரவுசரோடு முடிவதில்லை என்பதை அது உணர்ந்திருந்தது. அறிவிப்பு மெயிலையும் ஒரு திரையாகக் கருதி, யார் எழுதியது, ஏன் தேங்கியது, முதல் சில வரிகள் என்ன என்பதை அதிலேயே காட்ட வேண்டும்.

"சார், எனக்கு மடலே வரலை"

நிர்வாகிக்கு வரும் கேள்விகளில் அடிக்கடி வருவது இது. "சார், ரெண்டு வாரமா குழுவுலேருந்து ஒண்ணுமே வரலை, என்னை எடுத்துட்டீங்களா?" பழைய பக்கத்தில் இதற்குப் பதில் தேடினால், உறுப்பினர்கள் மின்னஞ்சலின் முதலெழுத்து வாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பார்கள். அவர் பெயருக்கு நேரே பல கட்டங்கள். அவற்றில் மடல் நிறுத்தம் என்ற கட்டத்தில் ஒரு குறியும், அதன் பக்கத்தில் 'பி' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தும் இருந்தால், "இவருக்கு அனுப்பியவை திரும்பி வந்ததால் மென்பொருளே நிறுத்திவிட்டது" என்று பொருள். 'யு' என்றால் அவரே நிறுத்திக்கொண்டார். 'ஏ' என்றால் நிர்வாகி நிறுத்தினார். முழுக் கதையும் அந்த ஓர் எழுத்துக்குள் அடங்கியிருக்கிறது, தெரிந்தவர்களுக்கு மட்டும்.

பின்னால் நடக்கும் கணக்கு உண்மையில் அழகானது. ஒருவரின் பெட்டியிலிருந்து மடல் திரும்பினால் அவர் கணக்கில் 1 புள்ளி ஏறும். ஒரே நாளில் பத்து திரும்பினாலும் ஒருமுறைதான் ஏறும். 7 நாள் எதுவும் திரும்பாவிட்டால் பழைய புள்ளிகள் காலாவதி. 5 புள்ளி சேர்ந்தால் அவருக்கு மடல் நிறுத்தப்படும். பிறகு 7 நாளுக்கு ஒன்றாக 3 எச்சரிக்கைகள் போகும். அதற்கும் பதில் இல்லையென்றால் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கம். இவை 2.1இன் இயல்பான எண்கள். மென்பொருளுக்கு இவ்வளவும் தெரியும்போது, உறுப்பினரின் பக்கத்தில் "மார்ச் 3 முதல் மடல் நிறுத்தம். ஐந்து நாட்கள் இவருடைய பெட்டி மடல்களைத் திருப்பி அனுப்பியது. அடுத்த எச்சரிக்கை மார்ச் 10" என்று இயல்பான வாக்கியத்தில் எழுதி, கீழே "மீண்டும் தொடங்கு" என்று ஒரு பொத்தானை வைப்பதற்கு என்ன தடை?

மூன்றாம் பதிப்பு இங்கே அடித்தளத்தைச் சரியாகப் போட்டிருக்கிறது. பயனர், முகவரி, உறுப்பினர் மூன்றும் அதில் தனித்தனி. ஒரே பயனருக்கு அலுவலக முகவரி ஒன்று, சொந்த முகவரி ஒன்று இருக்கலாம். ஒரு குழுவில் ஒன்றாலும் இன்னொன்றில் மற்றதாலும் சேரலாம். பழைய பதிப்புக்கு மனிதர் என்ற கருத்தே கிடையாது, முகவரிகள்தான். ஒவ்வொரு குழுவுக்கும் தனிக் கடவுச்சொல் வேறு. மாதம் ஒருமுறை அதை அப்படியே மெயிலில் நினைவூட்டுவார்கள். குழு நிர்வாகத்துக்கோ எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவாக ஒரே கடவுச்சொல். யார் எந்த மடலை அழித்தார் என்று பின்னால் கேட்டால் சொல்ல வழியில்லை. இப்போது ஒவ்வொருவரும் தம் சொந்தக் கணக்கில் நுழைகிறார்கள். ஆகவே "நேற்று இரவு 9.40க்கு இன்னார் நீக்கினார்" என்று ஒரு செயல்வரலாற்றைத் திரையில் காட்ட முடியும். இரண்டு மட்டுறுத்துநர்கள் உள்ள குழுவில் இது எவ்வளவு சண்டையைத் தவிர்க்கும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

அடித்தளம் நன்றாக இருந்தாலும் அது திரைமேல் அப்படியே வழியக் கூடாது. போஸ்டோரியஸில் பலரை ஒரே நேரத்தில் சேர்க்கும் பக்கத்தில், முன்பே உறுதிசெய்யப்பட்டது, முன்பே ஒப்புதல் பெற்றது, முன்பே சரிபார்க்கப்பட்டது என்ற பொருளில் தேர்வுக் கட்டங்கள் உண்டு. நிரலாளருக்கு மூன்றும் வெவ்வேறு: சேர விருப்பம் என்று அந்த நபரே உறுதி சொன்னாரா, மட்டுறுத்துநர் சம்மதித்தாரா, அந்த முகவரி அவருடையதுதானா. முதன்முறை பார்க்கும் பள்ளி முன்னாள் மாணவர் சங்கச் செயலாளருக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். அவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இவர்களை உடனே சேர்த்துவிடலாமா, அல்லது சேர விருப்பமா என்று கேட்டு மெயில் அனுப்பலாமா?" அந்தப் பதிலிலிருந்து மூன்று கட்டங்களையும் மென்பொருளே நிரப்பிக்கொள்ளட்டும்.

அமைப்புகள் என்ற காடு

இதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலானவர்கள் தொடாத அமைப்புகளைத் தேடினால் கிடைக்கும் இடத்தில் வைத்துவிட்டு, நல்ல இயல்பு மதிப்புகளோடு தொடங்க வேண்டும். புதிய குழு உருவாக்கும்போது கலந்துரையாடல், அறிவிப்பு மட்டும் என்று மெயில்மேன் 3 பாணிகள் தருவது நல்ல வழி; ஒரு தேர்விலேயே பல அமைப்புகள் பொருத்தமாக அமைந்துவிடும்.

ஆனால் ஒரே ஓர் அமைப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2014 ஏப்ரலில் யாஹூ, தன் பயனர்களின் பெயரில் வந்து சோதனையில் தேறாத மடல்களை ஏற்கவே வேண்டாம் என்று டீமார்க் என்ற முறை வழியாக உலகுக்கு அறிவித்தது. போலி மடல்களைத் தடுக்கத்தான். மடற்குழு என்ன செய்கிறது? மடலை வாங்கி, தலைப்பில் குழுவின் பெயரைச் சேர்த்து, அடியில் ஒரு குறிப்பு ஒட்டி, தன் சர்வரிலிருந்து அனுப்புகிறது. மடல் வழியில் மாறவில்லை என்பதற்குச் சான்றாக யாஹூ சேர்க்கும் மின்கையொப்பம் அங்கேயே உடைந்துவிடும். யாஹூ பயனர் ஒருவர் குழுவுக்கு எழுதினால், அந்த மடல் ஜிமெயிலில் இருக்கும் உறுப்பினர்களிடமிருந்து திரும்பி வரும். முன்பு சொன்ன புள்ளிக் கணக்கு அவர்கள்மேல் ஏறும். ஒரு தவறும் செய்யாதவர்களுக்கு மடல் நின்றுபோகும்.

இதற்கு மெயில்மேனில் மாற்று வழி உண்டு. அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியை வைத்து, எழுதியவரின் பெயரை அதோடு காட்டுவது. போஸ்டோரியஸில் இது டீமார்க் தணிப்பு என்ற தனிப் பிரிவாக இருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்து எத்தனை பேருக்கு, "மடல் வரவில்லை" என்ற தம் பிரச்சினையின் தீர்வு இதற்குள்தான் இருக்கிறது என்று தோன்றும்? இங்கே திரை ஒரு மாதிரியைக் காட்டினால் போதும்: இப்போது மடல் இப்படித் தெரிகிறது, மாற்றினால் இப்படித் தெரியும், இந்தக் குழுவில் இத்தனை பேர் இந்தக் கட்டுப்பாடு உள்ள முகவரிகளிலிருந்து எழுதுகிறார்கள்.

2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புபவர்கள் டீமார்க் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்தது; விளம்பர மடல்களுக்கும் சந்தா மடல்களுக்கும் ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் கேட்டது. விலகும் வசதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. மெயிலில் உள்ள இணைப்புகளை வைரஸ் சோதனைக் கருவிகள் தாமே திறந்து பார்ப்பதுண்டு. திறந்தவுடனேயே விலக்கிவிடும்படி இணைப்பு அமைந்திருந்தால், உறுப்பினருக்கே தெரியாமல் அவர் விலகிவிடுவார். அதனால்தான் ஒரே சொடுக்கு விலகலுக்கான நெறிமுறை, பக்கத்தைத் திறப்பதை ஏற்காமல் தனியாக ஒரு கோரிக்கை அனுப்பச் சொல்கிறது. நிர்வாகத் திரையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். எதையாவது மாற்றுகிற, அழிக்கிற எதுவும் வெறும் இணைப்பாக இருக்கக் கூடாது. பலரை ஒரே நேரத்தில் நீக்கும் முன் "37 பேர் நீக்கப்படுவார்கள், இவர்களில் இருவர் மட்டுறுத்துநர்கள்" என்று பட்டியலைக் காட்டட்டும்.

தமிழில் திரை அமைப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் அடங்கும் பொத்தான் தமிழில் மூன்று சொல்லாகும். அகலத்தை முன்கூட்டியே பூட்டி வைத்தால் எழுத்து வெட்டுப்படும். மேலே எழும் இகர ஈகார வளைவுகளுக்கும் கீழே இறங்கும் உகரச் சுழிகளுக்கும் வரிகளிடையே கூடுதல் இடம் வேண்டும், இல்லாவிட்டால் நீண்ட உறுப்பினர் பட்டியல் ஒன்றோடொன்று முட்டும்.

இப்படி ஒரு திரையை நீங்கள் வரையப்போகிறீர்கள் என்றால், கணினியைத் திறக்கும் முன் ஏதாவது ஒரு குழுவின் உரிமையாளரிடம் போய், உரிமையாளர் முகவரிக்கு வந்த கடைசி ஐம்பது மடல்களைக் காட்டச் சொல்லுங்கள். பெயர்களை மறைத்துவிட்டுத்தான். ஒவ்வொன்றிலும் உள்ள கேள்வியை ஒரு சீட்டில் எழுதி, ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக அடுக்குங்கள். எந்த அடுக்கு உயரமோ அது முதல் பக்கத்தில் வரட்டும். என் குழுவில் மிக உயரமாக இருந்தது "எனக்கு மடல் வரவில்லை" அடுக்கு. அதற்கு அடுத்தது "என் மடல் ஏன் இன்னும் போகவில்லை" அடுக்கு.